வாலைப் பாராமல் வாங்கிய மீன்

லிந்துலையில் பிறந்து வளர்ந்த எனக்குத் திலாப்பியா என்றால் ஒரே மீன்தான். அதில் இரண்டு இனங்கள் உண்டு என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். அதுவும் என் தமக்கையின் பணத்தைச் செலவழித்து.

அக்காவும் அத்தானும் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சேமலாப நிதிப் பணத்தில் நாவலப்பிட்டிக்கு அப்பால் சிறிது காணி வாங்கி, அதன் மூலையில் ஒரு மீன்குளம் வெட்டினார்கள். நம் பக்கத்துக் குளிர் அங்கே இல்லை. மீன் நன்றாக வளரும். “தம்பி, சின்ன வயதிலிருந்தே தூண்டிலும் கையுமாகத் திரிந்தவன் நீ. நல்ல குஞ்சாகப் பார்த்து வாங்கிக் கொடு” என்றார் அக்கா. என் பெருமைக்குக் கேட்கவா வேண்டும்!

மோட்டார் சைக்கிளில் குஞ்சு விற்க வந்த ஒருவர், “நைல் இனம், ஐயா. உடம்பில் கோடு பாருங்கள்” என்றார். பார்த்தேன். வெள்ளி உடலில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. இருநூறு குஞ்சுகளுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

உடம்பைப் பார்த்ததுதான் பிழை. அந்தக் கோடுகள் இரண்டு இனத்துக் குஞ்சுகளுக்கும் உண்டு. பார்க்க வேண்டியது வாலை. நைல் திலாப்பியாவின் வால் துடுப்பை விரித்தால், சேலைக்கரை போல ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய குறுக்குக் கோடுகள் தோன்றும். மொசாம்பிக் திலாப்பியாவின் வாலில் அவ்வொழுங்கு இராது. வளர்ந்த ஆண்மீன் என்றால் ஐயமே வேண்டாம்: இனப்பெருக்கக் காலத்தில் மொசாம்பிக் ஆண் கன்னங்கரேலென்று கறுத்து, தொண்டை மட்டும் வெளுத்து நிற்கும். குஞ்சுக்கு அந்த அடையாளம் ஏது?

இரண்டும் ஆபிரிக்காவிலிருந்து வந்தவையே. மொசாம்பிக் 1952இல் இலங்கைக்கு வந்தது. நைல் வந்தது 1970களில். எங்கள் தந்தையார் காலத்து மீன் முன்னது. அதனால்தான் எங்கள் வீட்டில் வேற்றுமை பார்க்கும் வழக்கமே இல்லாமற் போயிற்று.

உண்ணும்போது இந்த வேற்றுமை பெரிதன்று. குளம் வளர்ப்பவருக்கோ அதுவே எல்லாம். நைல் விரைவில் பருக்கும். மொசாம்பிக்கோ உள்ளங்கை அளவை எட்டுமுன்னரே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் சேதமும் குறைவு. ஓராண்டில் அக்காவின் குளம் நிறைந்துவிட்டது. இருநூறு எத்தனை ஆயிரமாயிற்றோ! அத்தனையும் விரல் நீளம். தீனிச் செலவுக்கும் கட்டவில்லை.

அக்கா ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. குளத்து நீரை இறைத்து, மீனை உப்பிட்டுக் காயவைத்து, கருவாடாக்கி லிந்துலைக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினார். அதைத் தின்னத்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

சென்ற மாதம் என் மகன் தலவாக்கலையில், மேல் கொத்மலை நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போட்டு ஒரு திலாப்பியாவைப் பிடித்தான். உடனே வாங்கி வாலை விரித்தேன். கோடுகள் இருந்தன, ஆனால் பாதி வால்வரை வந்து, அங்கங்கே அறுந்து நின்றன. இவ்விரு இனங்களும் ஒன்றோடொன்று கலப்பவை என்பதை இதற்குள் படித்திருந்தேன்.

“இது எது, அப்பா?” என்றான் மகன்.

“குளத்துக்கு வேண்டாம். குழம்புக்கு ஆகும்” என்றேன்.