பாட்டியின் சிவப்பு அட்டை

போன தீபாவளிக்கு நீலாயில் அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு கேஎல்ஐஏ பக்கம் போனது. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, ரேடியோவுல என்னென்னமோ பேசுறியே, அந்த இஞ்சின் ஒண்ணு என்னா வெல இருக்கும்?"

என் ஊடகவியல் பட்டம் இதற்கு உதவவில்லை. காலை நிகழ்ச்சிக்குத் தயார் செய்வதுபோல் ஒரு வாரம் தேடிப் படித்து, அடுத்த ஞாயிறு பதிலோடு போனேன்.

நம் ஊரில் மலிவுக் கட்டணத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 விமானங்கள் பலவற்றில் இருப்பது சிஎஃப்எம்56 ரக இஞ்சின். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்சின் சஃப்ரானும் பாதிப் பாதி பங்கு போட்டுச் செய்வது. முன்னால் சுழலும் விசிறியின் விட்டம் 173 சென்டிமீட்டர், அப்பாவைவிட உயரம். எடை ஏறக்குறைய 2,400 கிலோ. உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு பங்குதான் எண்ணெயோடு எரிகிறது. மற்ற ஐந்தாறு பங்கு எரியாமலே பின்னால் பாய்ந்து விமானத்தைத் தள்ளுகிறது. பட்டியல் விலை 1 கோடி அமெரிக்க டாலர் அளவில் இருந்தது. நம் காசுக்கு ஏறக்குறைய 4 கோடி வெள்ளி. மொத்தமாக வாங்குபவர்களுக்குக் கழிவு உண்டு.

"அவ்ளோ காசு போட்டு வாங்குறாங்களா?"

"எல்லாரும் வாங்குறதில்ல, பா. வாடகைக்கும் எடுப்பாங்க."

விமானத்தின் உடம்பு ஒரு கம்பெனியுடையதாகவும், இஞ்சின் இன்னொரு கம்பெனியுடையதாகவும் இருக்கலாம். பறந்த மணிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக்குப் பணம் கட்டும் முறையும் இருக்கிறது. 1962-இல் பிரிட்டனில் தொடங்கியது.

அப்பா சிரித்தார். "நாங்க பால் எடைக்குக் கூலி வாங்குன மாதிரி."

அடுத்து நான் சொன்னதுதான் அவரை அமைதியாக்கியது. இஞ்சினுக்குள் சுழலும் முக்கியமான வட்டுகளுக்கு ஆயுள் வருடத்தில் இல்லை. எத்தனை முறை பறந்து இறங்கியது என்பதே கணக்கு. சிலவற்றுக்கு 20,000 முறை. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். செய்த நாளிலிருந்து எந்த விமானத்தில் இருந்தது, எத்தனை முறை பறந்தது என்று எல்லாவற்றுக்கும் தாள் இருக்கும். நடுவில் ஒரு தாள் தொலைந்தாலும் போச்சு. வட்டு புத்தம் புதிதாக மின்னினாலும் அதைப் பறக்க விடமாட்டார்கள்.

"பிறப்புப் பத்திரம் மாதிரி" என்றேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

பாட்டி பிறந்தது லாபு பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பு. யாரும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் கிடையாது. பிரட்டுக்குப் பெயர் கூப்பிட்ட நாளிலிருந்து முதுகு வளைகிற வரை பால் மரம் வெட்டினார். கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இங்கே தங்கலாம். ஓட்டுப் போட முடியாது. இந்த நாட்டுக் கடப்பிதழ் எடுக்க முடியாது. நீல அட்டைக்கு மனு எழுதிக்கொண்டு அப்பா பல தடவை அலைந்தார். "பொறந்ததுக்கு அத்தாட்சி எங்கே?" என்ற கேள்வியிலேயே ஒவ்வொரு தடவையும் நின்றது.

1998-இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. லயத்துக் கூரைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் பாட்டி வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார். தன் அப்பா பிறந்த நாமக்கல் கிராமத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பார். பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

அன்று கிளம்பும் முன் அப்பா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். என் மகளின் பிறப்புப் பத்திரத்தின் நகல் அதில் இருந்தது. நான் எப்போதோ கொடுத்தது.

"ஒரிஜினல் பத்திரமா இருக்காம்மா?"

"இருக்கு, பா."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து பார்த்தேன். நீங்களும் இன்றைக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள்.