பழி பேட்டரிக்கு, பழுது சார்ஜருக்கு

ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: "பேட்டரி செத்துவிட்டது." ஸ்டுட்கார்ட்டில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடக்கும் ஒரு ரிப்பேர் கஃபேயில் மின்னணு மேசையருகே உட்கார்ந்திருந்தபோது இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பேட்டரி அநேகமாக உயிரோடுதான் இருந்தது. அசல் சார்ஜர் தொலைந்தோ கெட்டோ போனபின் இணையத்தில் மலிவாக வாங்கிய வேறு சார்ஜரில்தான் கோளாறு.

ரிப்பேர் கஃபே என்ற ஏற்பாட்டை 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிவைத்தவர் மார்டினே போஸ்ட்மா. இன்று ஜெர்மனியின் பல ஊர்களில் இது நடக்கிறது. கூலி கிடையாது, விருப்பமுள்ளவர்கள் உண்டியலில் போடலாம். ஆனால் பொருளுக்கு உரியவர் பக்கத்திலேயே இருந்து வேலையைப் பார்க்க வேண்டும். ராபர்ட் போஷ் 1886-இல் தன் சிறு மின்பொறிப் பட்டறையைத் திறந்த ஊர் இது. அந்த மேசைகளில் இருந்தவர்களில் பலரும் இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் ஓய்வுபெற்றவர்கள்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மின்சாதனத் தொழிற்சாலையொன்றில் வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவரும் அவர்களில் இருந்தார். அண்ணை என்றே நானும் அழைத்தேன். கூரைகளில் சோலார் பலகைகளைப் படமெடுத்துப் பிழைக்கும் ஒரு ஜெர்மன் இளைஞர் அவர் முன்னால் மேவிக் ப்ரோ ட்ரோனின் பேட்டரி ஒன்றையும் கறுப்புச் சார்ஜர் ஒன்றையும் வைத்தார். செருகினால் விளக்கு சில நொடி சிமிட்டிவிட்டு அணைந்துபோகிறதாம்.

மல்டிமீட்டரில் சார்ஜர் 13.04 வோல்ட் காட்டியது. அந்த பேட்டரியில் மூன்று செல், செல்லுக்கு 4.35 வீதம் 13.05 வோல்ட்டில் நிரம்பும். சார்ஜர் சரியாகத்தானே இருக்கிறது என்றேன்.

"தம்பி, சும்மா அளந்தால் எல்லாச் சார்ஜரும் நல்ல பிள்ளைதான். லோட் குடுத்துப் பாக்கவேணும்."

லோடுக்கு அவர் வைத்திருப்பது கார் இண்டிகேட்டர் பல்புகள், 12 வோல்ட் 21 வாட். இரண்டைச் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் இழுக்கும். அந்தச் சார்ஜர் கொடுக்க வேண்டியதும் அதை ஒட்டித்தான். பல்பை நேராகச் செருகவில்லை. குளிர்ந்திருக்கும் இழை முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும், நல்ல சார்ஜரும் அதில் மிரண்டு நின்றுவிடலாம். ஆகவே ஒரு ரெசிஸ்டர் வழியாக இழையைச் சூடாக்கிவிட்டுப் பிறகே முழு லோடையும் கொடுத்தார். பல்புகள் எரிந்தன, அணைந்தன, மறுபடி எரிந்தன. ஆசிலோஸ்கோப்பில் நேர்கோடாக இருக்க வேண்டியது ரம்பப் பல்லாக ஓடியது.

உறையில் திருகு கிடையாது, ஓரங்கள் ஒட்டப்பட்டவை. வைஸில் கவ்விப் பொருத்துவாயில் ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் பிளக்க முடிந்தது. உள்ளே கை வைக்குமுன் பெரிய கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக வடித்தார். 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறும்போது அதில் ஏறக்குறைய 325 வோல்ட் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடாது. குற்றவாளி அதுவல்ல. வெளியீட்டுப் பக்கத்தில், சூடேறும் டயோடின் அலுமினியத் தகட்டோடு உரசிக்கொண்டிருந்த சின்ன கெப்பாசிட்டர்தான். அதன் தலை லேசாக உப்பியிருந்தது, மேலே 85 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வகை கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு. 105 டிகிரி வகை சில காசுகள்தான் கூடுதல். அந்தச் சில்லறையை மிச்சம்பிடித்து விற்ற பொருளை நம்பி, இந்த இளைஞர் ஒரு நல்ல பேட்டரியைத் தூக்கியெறிய இருந்தார். எனக்குக் கோபமே வந்தது.

புதியதைத் தகட்டிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துப் பற்றவைத்தார். பல்புகள் அசையாமல் எரிந்தன. உறையை மூடியதும் 500 வோல்ட் செலுத்திக் காப்புத்தடையைச் சோதித்தார். இத்தகைய கருவிக்கு அது குறைந்தது 2 மெகாஓம் இருந்தாக வேண்டும். பிறகு பேட்டரியைப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்துச் சார்ஜில் போட்டார்.

வேறொருவர் கொண்டுவந்த சார்ஜரில் பழுதே இல்லை. அது 12.6 வோல்ட் வகை, வழக்கமான 4.2 வோல்ட் செல்களுக்கானது. 13.05 கேட்கும் பேட்டரியை அது என்றைக்கும் முழுதாக நிரப்பாது. பறக்கும் நேரம் குறைகிறதே என்று அவரும் பேட்டரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சார்ஜரைத் திறந்ததும் அண்ணை சிறிது நேரம் பேசவில்லை. மின்சார இணைப்பு வரும் பக்கத்துக்கும் பேட்டரிக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டிய இடத்தில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டையும் இணைக்கும் இடத்தில், பழுதானாலும் மின்சாரத்தைக் கடத்திவிடாத பாதுகாப்பு கெப்பாசிட்டருக்குப் பதிலாகச் சாதாரண நீல வில்லை ஒன்று. அது ஒரு நாள் ஷார்ட் ஆனால் வீட்டு மின்சாரம் நேரே ட்ரோன் பேட்டரிக்கு வந்துவிடும். உறையின் மேலே, ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்னும் சி.ஈ. முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

அதன் கோளாறு அற்பமானது, ஒரு பற்றவைப்பு விட்டிருந்தது. ஐந்து நிமிட வேலை. அண்ணை செய்ய மறுத்தார். கொண்டுவந்த பெண்மணியிடம் அந்த இடைவெளியை அளவுகோல் வைத்துக் காட்டி, அவர் சம்மதத்தோடு வயரை வெட்டி மின்கழிவுப் பெட்டியில் போட்டார். "திருத்தத் தெரிஞ்சால் மட்டும் போதாது தம்பி" என்றார் என்னிடம். சென்னை ரிச்சி தெருவில் எதையும் உயிர்ப்பிக்கும் கைகளைப் பார்த்து வியந்து வளர்ந்தவன் நான். அன்று நான் பார்த்ததில் ஆகச் சிறந்த வேலை அந்த மறுப்புதான் என்பேன்.

இவ்வளவு வகைச் சார்ஜர் ஏன்? ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி, டேப்லெட், கேமரா முதலியவற்றுக்கு யூ.எஸ்.பி-சி வாயைக் கட்டாயமாக்கியது. ட்ரோன் அந்தப் பட்டியலில் இல்லை. சில புதிய சிறு ட்ரோன்கள் தாமாகவே மாறிவிட்டன. மற்றவற்றுக்கு மாடலுக்கொரு வாய், மாடலுக்கொரு வோல்ட். மலிவுச் சார்ஜர்கள் அந்த இடைவெளியில்தான் புகுந்து பிழைக்கின்றன.

நம் ஊரிலும் இது பொழுதுபோக்கு விஷயமல்ல. 2023-இல் ஒன்றிய அரசு அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டம் நாடு முழுதும் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் தர எண்ணியது. அவற்றின் பேட்டரிகள் மேவிக்கைவிடப் பல மடங்கு பெரியவை, சார்ஜர் தவறினால் நெருப்பும் அவ்வளவு பெரிது. குழுக்களில் இருக்கும் சகோதரிகளுக்கும், அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பேட்டரி செத்துவிட்டது என்று யார் சொன்னாலும், புதியதற்குப் பணம் கட்டுமுன் சார்ஜரை லோடில் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.