வேலியும் கிணறும்

வீரகேரளம்புதூரில், சிற்றாற்றுக்குச் செல்லும் பாதையோரமாக நம் தந்தையார் விட்டுச்சென்ற மனையொன்று உண்டு. பதினெட்டு சென்ட் நிலம். அதன் நடுவே, கமலை கட்டி இறைத்த காலத்துக் கல்கட்டுக் கிணறு. கைப்பிடிச் சுவர் எப்போதோ சரிந்துவிட்டது. சுற்றிலும் நின்ற கிளுவை வேலி பட்டுப்போன பின்னர், மீண்டும் அடைக்கவேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. விளையாத நிலத்திற்கு வேலி எதற்கு என்று இருந்துவிட்டோம்.

சென்ற ஐப்பசி மழையில் ஓர் ஆடு அதில் விழுந்தது. அதனைத் தேடிவந்த பத்து வயதுச் சிறுவன், படிக்கல்லைப் பற்றி இறங்கிப் பாதியில் மாட்டிக்கொண்டான். இளைஞர்கள் கயிறு கட்டி அவனை மேலே கொணர்ந்தனர். ஆடு இறந்தது, பிள்ளை பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். அன்று மாலை அவன் தாயார் நம் வாசலில் வந்து நின்றார். ஈடு எதுவும் கேட்கவில்லை.

"அந்தக் கெணத்த அடைச்சு வைக்கக் கூடாதா, வாத்தியாரய்யா?" என்றார்.

நாம் கூறிய மறுமொழியை எழுதவே வெட்கமாக இருக்கிறது. சொந்த நிலத்தில் உள்ள கிணற்றில் எது விழுந்தாலும் உரியவர் பொறுப்பல்லர் என்றோம். சொன்னது பொய்யன்று. கிணற்றால் நேரும் சேதத்திற்கு ஈடு இல்லை என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியில் உள்ளது. அதனை விரித்துரைத்த ஃபிக்ஹு அறிஞர்கள், பொதுவழியில் தோண்டியவனைப் பொறுப்பாளி ஆக்கினர்; தன் நிலத்தில் தோண்டியவனை விடுவித்தனர். ஹிதாயாவின் இந்தப் பாடத்தை நாமே எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம்.

"பிள்ளைக்கு ஒங்க எடம் எது, பாதை எதுன்னு தெரியுமாய்யா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றிரவு கிதாபை மீண்டும் விரித்தோம். கிணற்றைச் சுற்றி நாற்பது முழம் 'ஹரீம்' என்றும், ஊற்றுக்கு ஐந்நூறு முழம் என்றும் அதில் உண்டு. ஆனால், ஒட்டகங்கள் நின்று நீர் அருந்தவும், பிறர் அருகே தோண்டி நீரை ஈர்த்துவிடாதிருக்கவும் வகுத்த எல்லை அது. குழந்தையின் காலுக்காக வகுத்ததன்று. அதனை நம் வசதிக்கு வளைத்துப் பொருள்கொள்ள மனம் இசையவில்லை. தரிசு நிலத்தைக் கல் நட்டு வளைத்துக்கொள்வதை 'தஹ்ஜீர்' என்பர். அவ்வாறு வளைத்து மூன்றாண்டுகள் பயன்படுத்தாது விட்டவனுக்கு உரிமை இல்லை என்னும் விதியை உமர் (ரலி) அவர்கள் வழியாகக் கூறுவர். அங்கும் வேலி என்பது உரிமையைப் பற்றிய பேச்சே. நாம் தேடிய விடை இவற்றில் இல்லை. பாதையில் கிடக்கும் துன்பம் தருவதை அகற்றுதல் ஈமானின் ஒரு கிளை என்பது மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். அங்கேதான் இருந்தது.

நாட்டுச் சட்டமோ நம்மை முந்தியிருக்கிறது. பொதுவழியை அடுத்த கிணற்றுக்கோ பள்ளத்திற்கோ ஆபத்து நேராதவாறு வேலியிடுமாறு உரியவருக்கு ஆணையிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவாக நடப்பில் உள்ளது. அச்சட்டம் நிலம் யாருடையது என்று நின்றுவிடுவதில்லை. வழிக்கு அருகில் உள்ளதா என்று பார்க்கிறது. அந்தத் தாய் கேட்டதும் அதுவேயன்றோ! கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடிமுதல் தரைமட்டம்வரை நிரப்பவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் நெறிமுறை வகுத்தது. அதன் பின்னும் 2019 அக்டோபரில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுக் குழந்தையொன்று அத்தகைய குழிக்குள் விழுந்து மாண்டது. அது குடும்பத்தாரின் சொந்த நிலம்.

கல்தூண்களும் முள்கம்பியும் வந்து இறங்கியபோது அண்டை வீட்டார் முகம் சுளித்தனர். ஆற்றுக்குக் குறுக்கே நடக்கும் ஒற்றையடிப் பாதை நம் மனைக்குள்தான் செல்கிறது. அதை அடைக்கவே இந்த ஏற்பாடு என்று எண்ணினர் போலும். நில அளவர் காட்டிய எல்லைக் கல்லிலிருந்து நான்கடி உள்ளே தள்ளி வேலியிட்டோம். மகனுக்கு இது பிடிக்கவில்லை. நான்கடியின் இன்றைய விலையைக் கணக்கிட்டுச் சொன்னான். ஒரு சாண் நிலத்தை அநியாயமாகக் கவர்ந்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்னும் எச்சரிக்கையை ஓதிக்காட்டினோம். நாம் எவருடையதையும் கவரவில்லையே என்றான். வாதத்தில் அவனே வென்றான். ஆயினும் தூண்கள் உள்ளேதான் நிற்கின்றன.

கிணற்றுக்கு இடுப்பளவு சுவரும் எழுப்பினோம். சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவ்வழியே வந்தபோது, கம்பிக்கிடையே நுழைந்த அதே சிறுவன் அந்தச் சுவரின்மீது ஏறிக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தான். இறங்கச் சொன்னோம். இறங்கினான். கிணற்றின் வாயை மூட இரும்பு வலை செய்வதற்குச் சுரண்டைக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம்.