இன்ற்றுக்கு ‘தெரியாது’ எண்டு சொல்லத் தெரியாது

1991இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எத்தினை பேர் இருந்தவை? ஒருத்தரும் எண்ணேல்லை. அந்த முறை இலங்கை முழுக்கவே தொகைமதிப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தது, ஆனால் இஞ்ச முடிக்கேலாமல் போச்சு. கையில இருக்கிறது ரெண்டு எண்தான்: கிளிநொச்சியைக் கழிச்சுப் பாத்தால் 1981இல் 738,788, பிறகு 2012இல் 583,882.

புவியியல் படிக்கிற எங்களுக்கு இந்த ஓட்டை பழகினதுதான். வரைபில கோட்டை முறிச்சு விட்டிட்டுப் போயிடுவம். கொம்பியூட்டர் படிக்கிற சிநேகிதி ஒருத்தி இதையே சி பிளஸ் பிளஸில் எழுத வெளிக்கிட்டாள். அங்க கோட்டை முறிக்கிறது அவ்வளவு லேசில்லை.

அவள் எழுதினது ஒரு ரெம்ப்ளேற். சட்டை வெட்டுற அச்சு மாதிரி, எந்தத் துணியையும் வைச்சு வெட்டலாம். முழு எண்ணுக்கு ‘இன்ற்’, தசமத்துக்கு ‘டபிள்’, ரெண்டுக்கும் ஒரே கோட். ஒவ்வொரு வகையிட்டயும் “உன்ர ஆகப் பெரிய எண் எது, முடிவிலி எது, எண்ணே இல்லாததை எப்பிடி எழுதுவாய்” எண்டு பொதுவாய்க் கேட்க, அந்த மொழியிலயே ‘நியூமரிக் லிமிற்ஸ்’ எண்டொண்டு இருக்கு.

டபிளிட்டக் கேட்டால் ‘நான்’ எண்டு வரும். எங்கட ‘நான்’ இல்லை, ‘நொட் எ நம்பர்’. விசித்திரமான சாமான்: அது தனக்குத்தானே சமன் இல்லை, அதோட எதைக் கூட்டினாலும் அதுவாகவே போயிடும். இன்ற்றிட்ட அதே கேள்வியைக் கேட்டால் சத்தம் போடாமல் 0 வரும். ‘உன்னட்ட அது இருக்கோ’ எண்டு முதலே கேட்க வழி இருக்கு, கேட்காட்டில் 0தான். அந்த 0கள் ரெண்டையும் சேர்த்து நாலால பிரிச்சால் சராசரி 330,667. இருக்கிற ரெண்டு எண்ணுக்கு மட்டும் பாத்தால் 661,335.

சி பிளஸ் பிளஸ் 20இல் வந்த ‘பை’ இப்பிடி இல்லை. இன்ற்றில தா எண்டால் 3ஐத் தந்து சமாளிக்காது, கொம்பைலே ஆகாது. எனக்கு அந்தக் குணம்தான் பிடிச்சிருக்கு.

ஏனெண்டால் அந்த ரெண்டு வெறும் கட்டத்துக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தது சின்ன விசயமில்லை. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் சனம் வடக்கிலயிருந்து வெளியேற்றப்பட்டது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. ஆர் எங்க போனவை எண்டு எண்ணாமல் விட்டது வேற, ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு எழுதுறது வேற. வரைபில 0 விழுந்தால் கோடு தரைக்கு இறங்கித் திரும்ப ஏறும், பாக்கிறவன் அதை நம்புவான்.

சிநேகிதி இப்ப ‘ஒப்ஷனல்’ பாவிக்கிறாள். பெட்டிக்குள்ள எண் இருக்கலாம், பெட்டி வெறுமையாயும் இருக்கலாம், 0 அதில சாதாரண எண். அடுத்ததாய் கிராமம் கிராமமாய்ச் செய்யப் போறாளாம். அங்க இது கட்டாயம் வேணும். மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 வரைக்கும் ஆமியிட்ட இருந்தது. 2012இல் எண்ணப் போயிருந்தாலும் அங்க ஒரு குடும்பமும் இருந்திராது. அந்த இடத்தில 0 எண்டுதான் போட வேணும்.