திருத்தக்கூடியது குழம்புதான்

பிரஸ்ஸல்ஸில் என் வீட்டு மேசையில் எட்டுப் பேருக்கு விருந்து வைக்கிறேன். ஒவ்வொரு பதார்த்தத்தோடும் ஓர் ஒயினோ பியரோ வரும். “மீன் குழம்புக்கு எந்த ஒயின்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுச் சமைக்கிறேன். பாட்டிலுக்குள் இருப்பதை என்னால் மாற்ற முடியாது. சட்டியில் இருப்பதை மாற்றலாம். இன்னும் ஒரு சிட்டிகை உப்பு, அரை மூடி எலுமிச்சை சேர்த்தால் துவர்க்கிற ஒயின் நாக்கில் இளகிவிடும். சாப்பாட்டில் இனிப்பு ஏறினால் அதே ஒயின் கசந்து புளிக்கும். வெங்காயமும் தக்காளியும் சுருள வதங்கினால் மசாலா தித்திக்கும். அதனால் ஒயின் ஊற்றும் நாளில் உப்பையும் புளியையும் ஒரு படி தூக்கலாகவே முடிக்கிறேன்.

பெரிய சிக்கல் காரம். மிளகாயின் எரிச்சலை உணரும் நரம்பு ஏற்பி, வழக்கமாகச் சுமார் 42 டிகிரி சூட்டில்தான் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது வாயின் சொந்தச் சூடே அதற்குத் தீயாகத் தெரியும். 14 சதவீத ஆல்கஹாலுள்ள சிவப்பு ஒயினை மட்டன் சுக்காவோடு கொடுப்பது விருந்தாளிக்குச் செய்யும் கொடுமை. காரத்துக்கு ஐபிஏ பியர் என்று பலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. அதில் தூக்கலாக இருக்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு மிளகாயை இன்னும் தூண்டிவிடும். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரீஸ்லிங் காபினெட் என்ற வெள்ளை ஒயினைத்தான் நம்புகிறேன். ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். மிஞ்சி நிற்கும் இனிப்பு காரத்தைத் தணிக்கும், கூரான புளிப்பு வஞ்சிரக் குழம்பின் புளிக்கு ஈடுகொடுக்கும். புளிப்பில்லாத ஒயின் அந்தக் குழம்புக்கு முன்னால் சப்பென்று போய்விடும். சிவப்பு ஒயினும் அதற்கு ஆகாது: மீனோடு சிவப்பு ஒயின் கவிச்சியடிப்பதற்குக் காரணம் ஒயினிலுள்ள இரும்பு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள்.

ஆனாலும் நம் சமையலுக்கு ஒயினைவிடப் பியரே நெருக்கம் என்பது என் துணிபு. பெல்ஜியத்தின் வெள்ளை பியரில் கோதுமையோடு ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் சேர்கின்றன. நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே மல்லி. ஹூகார்டன் ஊரில் கடைசி ஆலையும் மூடப்பட்டு அற்றுப்போன இந்த வகையை, பால்காரராக இருந்த பியேர் செலிஸ் 1966இல் மீட்டெடுத்தார். அந்தப் பியரிலேயே இடித்த மல்லியும் ஒரு பச்சை மிளகாயும் போட்டு மஸ்ஸல் சிப்பியை ஆவியில் திறக்கவைத்து, அதே பியரைக் கோப்பையிலும் ஊற்றுகிறேன். சட்டியும் கோப்பையும் ஒரே மணம் பேசும். பவேரியக் கோதுமை பியரில் கிராம்பு வாசம் வரும். கிராம்பு போடுவதே இல்லை, ஈஸ்ட் செய்யும் வேலை அது. பட்டை கிராம்பு தாளித்த பிரியாணிக்கு அதைத்தான் வைப்பேன்.

ஒயின் ஒருவருக்கு 75 மில்லி ஊற்றினால் போதும். 750 மில்லி பாட்டிலில் மறுபடி கேட்பவருக்கும் மிஞ்சும். குளிர்பெட்டியின் 4 டிகிரியில் மணம் அடங்கிக் கிடக்கும் என்பதால் வெள்ளை ஒயினைக் கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைக்கிறேன். பியர்க் கோப்பையில் எண்ணெய்ப் பசை துளியும் கூடாது, நுரை செத்துவிடும்.

குடிக்காதவர்களும் வண்டி ஓட்டிப் போகிறவர்களும் எப்போதும் இருப்பார்கள். நீர்மோரை அவர்களுக்கென்று ஒதுக்காமல் மேசைக்கு நடுவிலேயே வைக்கிறேன். மோரின் கேசீன் புரதம் காரத்தைப் பற்றி இழுத்துப்போவதுபோல எந்த ஒயினும் செய்யாது.

பாயசத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். ஒயின் பாயசத்தைவிட இனிப்பாக இல்லாவிட்டால் வெறும் புளிப்புதான் மிஞ்சும். தெற்குப் பிரான்ஸின் போம் த வெனிஸ் மஸ்கட் அந்த இடத்தில் நிற்கும். அதற்கும்கூட வெல்லத்தைக் கால் பங்கு குறைத்துத்தான் காய்ச்சுகிறேன்.