பனிக்கடலில் யார் சட்டம்?

1969-ல் ‘மான்ஹாட்டன்’ என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல், கனடாவின் வடகோடித் தீவுகளுக்கு நடுவே புகுந்து அலாஸ்கா போய்ச் சேர்ந்தது. இது சர்வதேச நீர்வழி, அனுமதி எதற்கு என்பது வாஷிங்டனின் வாதம். கேட்காத சம்மதத்தைக் கனடா தானாகவே கொடுத்தது. துணைக்குப் பனி உடைக்கும் கப்பலையும் அனுப்பியது.

பதிலடி அடுத்த ஆண்டு வந்தது, சட்டமாக. கரையிலிருந்து 100 கடல் மைல் வரை கழிவு கொட்டக் கூடாது; கப்பலின் கட்டுமானத்துக்கும் நிபந்தனை. கடல் யாருடையது என்ற சண்டைக்குப் போகாமல், கடல் கெடக் கூடாது என்று சொன்ன சாமர்த்தியம். இதை எதிர்த்து யாரும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போக முடியாதபடியும் கனடா பார்த்துக்கொண்டது.

அமெரிக்கா ஆட்சேபித்தது. ஆனால் 1982-ல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 234-வது பிரிவில் அதே சிந்தனை இடம்பெற்றது. பேசி முடித்தவை கனடா, சோவியத் யூனியன், அமெரிக்கா. பனி மூடிய கடலில் 200 கடல் மைல் வரை மாசைத் தடுக்கக் கரையோர நாடு விதி போடலாம். உள்நாட்டுச் சட்டம் உலகச் சட்டமானது இப்படித்தான்.

விதியை எழுதுகிறவர்கள் தங்களுக்கு ஒரு சந்தையும் விட்டுக்கொள்வார்கள். கப்பல்களில் எரியும் கனத்த எண்ணெய் குளிர்ந்த நீரில் சிந்தினால் லேசில் சிதையாது; அள்ளுவதும் கடினம். ஏழு நாடுகள் உரிமை கோரினாலும் யாருக்கும் சொந்தமென்று முடிவாகாத அன்டார்டிகாவில், லண்டனிலுள்ள சர்வதேச கடல்சார் அமைப்பு 2011-லேயே இந்த எண்ணெயைத் தடை செய்தது. துருவக் கடல்களுக்கான பொது விதித்தொகுப்பு 2017-ல் அமலுக்கு வந்தபோதுகூட, ஆர்க்டிக்குக்கு இந்தத் தடை இல்லை. அது வந்தது 2024 ஜூலையில். அதிலும் கரையோர நாடுகள், தம் கடலில் ஓடும் தம் கொடிக் கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு அளிக்கலாம்.

எண்ணெய் சிந்தினால் முதலில் அடி வாங்குவது, சீலையும் திமிங்கிலத்தையும் வேட்டையாடி வாழும் இன்யூட் மக்கள். அவர்களது அமைப்புக்கு லண்டனில் ஆலோசகர் அந்தஸ்து கிடைத்ததே 2021-ல்தான். பேசலாம், ஓட்டு கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருந்தால்தான் 234-வது பிரிவு செல்லும். பனி உருக உருகக் கப்பல்கள் பெருகும். தடுப்பதற்கான அதிகாரமோ கேள்விக்குள்ளாகும். வல்லரசுகள் மறுபடியும் பேச உட்காரத்தான் வேண்டும். அன்றைக்கும் இன்யூட் வேட்டைக்காரர் கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருப்பாரா என்பதையும் அங்கேதான் முடிவு செய்வார்கள்.