ரோஜாவைப் பார்க்க மறந்த இரவு

எங்கள் நங்கநல்லூர் வீட்டு டிவிக்குக் கதவு உண்டு. இரு பக்கமும் தள்ளித் திறக்கிற மர ஷட்டர். கறுப்பு வெள்ளை சாலிடேர். கதவை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மூடுவது தாத்தா மட்டும்தான். இரவு எட்டரை மணிக்கு மேல் மெட்ராஸ் நிகழ்ச்சி முடிந்து டெல்லிக்கு மாறும். ஹிந்திச் செய்திக்கான இசை கேட்டதும் தாத்தா ஈசிசேரிலிருந்து எழுந்து வருவார். "புரியாத பாஷைக்கு எதுக்குக் கரன்ட் செலவு? பெட்டி வேற சூடாயிடும்" என்று ஸ்விட்சை அணைப்பார். படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி நிற்கும். அந்தப் புள்ளியும் போகிறவரை காத்திருந்து ஷட்டரைச் சாத்துவார்.

இசை தொடங்குவதற்கும் தாத்தாவின் கை ஸ்விட்சுக்குப் போவதற்கும் நடுவில் அரை நிமிஷம் கிடைக்கும். அந்த அரை நிமிஷத்தில் சில நாள் ஒரு முகம் வரும். புடவைத் தலைப்பை இரு தோளையும் மூடியபடி சுற்றிக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒற்றை ரோஜா வைத்துக்கொண்டு ஒரு பெண். பெயர் அப்போது எனக்குத் தெரியாது. அன்று ரோஜாப் பெண்ணா, வேறு யாராவதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட எழுந்துபோவேன். எனக்கு எட்டு வயது.

32 அடி ஆஞ்சநேயர் கோயில் வருவதற்கு முந்தைய நங்கநல்லூர் அது. ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. வீட்டுக்கு வீடு கிணறும் தென்னையும். மழை வந்தால் தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். இன்னொரு பக்கம் மீனம்பாக்கம். விமானம் தாழ்வாகப் போகும்போது சமையலறையில் தட்டுகள் அதிரும். டிவியில் அதைவிடப் பெரிய கூத்து. விமானம் நெருங்க நெருங்க, படத்தில் இருப்பவர் முகம் தண்ணீருக்குள் தெரிகிற முகம்போல நெளியும், மங்கும், பிறகு தெளியும். ஆன்டெனாவைத் திருப்பிப் பிரயோஜனமில்லை. விமானத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையும் நேரே வரும் அலையும் கலந்துகொள்வதால் அப்படி ஆகிறது என்று அப்பா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் ஊரில் எந்தச் செய்தி வாசிப்பாளரும் ஒருமுறையாவது நெளியாமல் செய்தியை முடித்ததில்லை.

எங்கள் வீட்டுக்குச் செய்தி பெண் குரலில்தான் வந்தது. காலை 7.15க்கு ரேடியோவில் டெல்லி தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசாமி தன் பெயரைச் சொல்லும்போது அம்மா இட்லித் தட்டை இறக்குவாள். அந்தக் குரல் கேட்ட பிறகுதான் அப்பா குளிக்கப் போவார். சாயங்காலம் டிவியில் தமிழ்ச் செய்தி. ஷோபனா ரவி வந்தால் தெருப் பெண்களில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் இருப்பார்கள். புடவைக் கரை, ரவிக்கையின் கை, காதுத் தோடு எல்லாவற்றையும் பேசுவார்கள். அவர்கள் பேச்சு அத்தனைக்கும் நடுவே அவருடைய "ழ" மட்டும் தனியாக வந்து என் காதில் விழும். கண்ணாடி முன்னால் நின்று நான் பழகிய முதல் எழுத்து அது.

ஆனால் ரோஜாப் பெண் வேறு மாதிரி. அவர் சொல்வது எதுவும் புரியாது. புரியாததால் முகத்தை மட்டுமே பார்ப்பேன். கையிலிருக்கும் தாளைக் குனிந்து பார்ப்பார், நிமிர்வார், சொல்வார். நிமிரும்போது கண் நேராக நம் வீட்டுக் கூடத்துக்குள் வரும். என் சித்தி அந்த ரோஜாவில் மயங்கிப்போய் ஒருநாள் தோட்டத்து ரோஜாவைக் காதோரம் செருகிக்கொண்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்பினாள். "பின்னல்ல வெச்சுக்கோடி, காதுல என்னடி பூ?" என்று பாட்டி வாசல்வரை துரத்தினாள். எங்கள் டிவியில் அந்த ரோஜா சாம்பல் நிறம். சிவப்பு என்று எதிர் வீட்டு மாமி சொல்வாள், மஞ்சள் என்று சித்தி சொல்வாள். இரண்டு பேருமே கலர் டிவி பார்த்ததில்லை.

எதிர் வீட்டு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தி.நகரில் இருக்கும் தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் பரீட்சைகளை எங்கள் தெருவில் பலர் எழுதினார்கள். பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று ஏணிப்படி மாதிரி போகும். மாமி மத்யமா தேறி, ராஷ்டிரபாஷாவில் ஒருமுறை தோற்றுப்போயிருந்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்க, கரண்டிக்காம்பால் தாளம் தட்டி வினைச்சொல் ஒப்பிப்பாள். 1965 ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த தலைமுறை தாத்தாவுடையது. "எதுக்கும்மா உனக்கு அந்தப் பாஷை?" என்பார். "படிக்கறதுக்கு ஏதாவது வேணுமே மாமா" என்பாள் அவள். எட்டாவதோடு பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கப்பட்டவள். இப்போது நினைத்தால் அந்தப் பதில் மனதைப் பிசைகிறது. அப்போது அது வெறும் பதில்.

ரோஜாப் பெண்ணின் பெயர் சல்மா சுல்தான். நான் கல்லூரியில் இதழியல் படிக்கப் போன பிறகுதான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். போபால் குடும்பம். அக்கா மைமூனா சுல்தான் 1957லேயே போபாலிலிருந்து மக்களவைக்குப் போனவர். சல்மா 1967இல் தூர்தர்ஷனில் செய்தி வாசிக்க வந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1965இல், பிரதிமா பூரி ஐந்து நிமிஷச் செய்தி வாசித்துத் தொடங்கிவைத்த வேலை அது. 1967இல் நாட்டிலேயே டெல்லியில் மட்டும்தான் டிவி. மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்ததே 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி. கேட்க ஊரே இல்லாத காலத்தில் வாசிக்கத் தொடங்கியவர்கள் இந்தப் பெண்கள். செய்தி என்றால் ஆண் குரலின் கனம் வேண்டும் என்று உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தபோது, நம் நாட்டு டிவியின் முதல் செய்தி முகமே பெண்ணாக இருந்தது. இதை நாம் போதுமான அளவு பெருமையோடு சொல்லிக்கொண்டதே இல்லை. 1997வரை முப்பது வருஷம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். பிறகு தூர்தர்ஷனுக்கே 'பஞ்சதந்திர சே' போன்ற தொடர்களை இயக்கினார்.

1984 அக்டோபர் 31. புதன்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மாதத் தொடக்கத்திலிருந்தே அப்பல்லோ ஆஸ்பத்திரியில். அவரைப் பார்க்க இந்திரா காந்தியே அந்த மாதம் மெட்ராஸ் வந்து போயிருந்தார். அதனால் அன்று பள்ளியில் மணி அடித்து வீட்டுக்கு அனுப்பியபோது நாங்கள் எல்லோரும் எம்.ஜி.ஆரைத்தான் நினைத்தோம். ஆயா ஒருத்தி கேட்டருகே உட்கார்ந்து அழத் தொடங்கியிருந்தாள். தெருமுனையில் கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே குனிந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ரேடியோவில் சோக வாத்தியம் மட்டும். அப்பா ஆபீசிலிருந்து சீக்கிரமே கிளம்பி, ரயில் கூட்டத்தில் சட்டைப் பட்டன் அறுந்து வந்து சேர்ந்தார். "இந்திரா காந்தியைச் சுட்டுட்டாளாம்" என்றார். பாட்டி அதை நம்பவில்லை. "இப்பத்தானே வந்துட்டுப் போனா" என்றாள், பார்க்க வந்தவருக்கு இப்படி ஆகாது என்பதுபோல. தெருக்கோடி வீட்டில் பிபிசி கேட்கிற ஒருவர் இருந்தார். உயிர் போய்விட்டது என்று அவர் சொன்னதாக மதியமே பேச்சு. ஆனால் ஆகாசவாணி சொல்லவில்லையே. ஆகாசவாணி சொல்லாதவரை எங்கள் தெருவில் யாரும் இறந்ததாக ஏற்க மாட்டார்கள். அது சாயங்காலம்தான் சொன்னது.

இரவு கூடம் நிறைந்துவிட்டது. வாசல் படியிலும் ஆட்கள். டெல்லிக்கு மாறியது. தாத்தா வழக்கம்போல ஈசிசேரிலிருந்து எழுந்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை. சத்தத்தைக் கூட்டிவிட்டு, ஈசிசேருக்குத் திரும்பாமல் டிவி பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றார்.

சல்மா சுல்தான் வந்தார். காலை ஒன்பதேகால் மணிவாக்கில் நடந்த சம்பவம். நாட்டின் டிவி அதைச் சொல்லும்போது பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. "சொல்லும்மா, என்ன சொல்றா?" என்று தாத்தா எதிர் வீட்டு மாமியைக் கேட்டார். தாத்தா அவளிடம் ஹிந்தி கேட்டது அன்றுதான் முதல் தடவை. மாமி டிவிக்கு மிக அருகில், தரையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு வாக்கியங்களைத் தடுமாறாமல் சொன்னாள். "காலம்பற வீட்டுலேர்ந்து நடந்து வர்றச்சே... சொந்தக் காவல்காராளே ரெண்டு பேர்..." மூன்றாவது வாக்கியத்தில் அவள் குரல் அடைத்துக்கொண்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அதன்பிறகு யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம். தட்டுகள் அதிர்ந்தன. சல்மா சுல்தானின் முகம் நெளியத் தொடங்கியது. நெற்றி ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போயிற்று. அழுகிறார் என்று நினைத்துவிட்டேன். விமானம் போய் முகம் தெளிந்தது. அவர் அழவில்லை. தாளைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், சொன்னார். குரல் எப்போதும்போலவே இருந்தது, கொஞ்சம் மெதுவாக. எங்கள் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் ஒருவர்தான் அழாமல் இருந்தார். அதனாலேயே எங்களால் அழ முடிந்தது என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. யாராவது ஒருவர் தாளைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொல்லி முடித்தால்தானே மற்றவர்கள் அதைத் தாங்க முடியும்.

தினமும் ரோஜா இருக்கிறதா என்று பார்க்கிற நான் அன்று பார்க்கவில்லை. படுத்த பிறகுதான் நினைவு வந்தது.

பத்து மணி நேரத் தாமதத்தைப் பின்னாளில் பலர் குறை சொன்னார்கள். நியாயமான குறை. நாட்டு மக்களுக்கு முன்னால் பிபிசி நேயர்களுக்குத் தெரிந்தது நல்லதில்லை. ஆனால் அது அரசின் முடிவு, தாளை வாசித்தவரின் முடிவு இல்லை. அடுத்த நாட்களில் டெல்லியில் சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை டிவி எவ்வளவு சொன்னது, எவ்வளவு விழுங்கியது என்பதும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு. அக்கா எம்.பி.யாக இருந்த ஊர். அந்த வாரங்களில் சல்மா எந்த மனத்தோடு செய்தி அறைக்குள் நுழைந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். சொந்த ஊர்ச் செய்தியானாலும் தாளை இரு கையாலும் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். அதன் கனம் அன்று எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷம் செய்தித் தொழிலில் இருந்துவிட்டுச் சொல்கிறேன், அதைவிடக் கடினமான வேலை அதில் இல்லை.

பள்ளி திறந்ததும் பிரேயரில் செய்தி வாசிக்கிற முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. அம்மாவின் கையெழுத்தில் நான்கு வரி. வாசிக்க வேண்டிய பெண் மேடைக்குப் போய் அழுதுவிட்டாள். டீச்சர் என்னைப் பிடித்து ஏற்றிவிட்டார். முழங்கால் நடுங்கியது. தாளைப் பார்த்தேன், நிமிர்ந்தேன், ஒரு வரி சொன்னேன். மறுபடி தாள், மறுபடி நிமிர்வு. மைதானத்துக்கு மேலே விமானம் ஒன்று போயிற்று. அது கடக்கிறவரை வாயை மூடிக் காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தேன். இறங்கி வந்தபோது டீச்சர் எதுவும் சொல்லவில்லை, தாளை வாங்கி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எட்டரை மணிக்கு எங்கள் வீட்டு ஷட்டர் சாத்தப்படவில்லை. எதிர் வீட்டு மாமி அடுக்களையை முடித்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி தெருவைத் தாண்டி வருவாள். தாத்தா அவளுக்கு ஈசிசேரின் பக்கத்தில் மணையைப் போட்டு வைத்திருப்பார். சல்மா வாக்கியத்தை முடிப்பார், மாமி அதே வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தமிழில் தாத்தாவுக்குச் சொல்வாள். புரியாத சொல்லை என் நோட்டில் எழுதிக்கொடுக்கச் சொல்வாள். மறுநாள் அதை ஹிந்தி வாத்தியாரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு வருவாள்.

1985 பிப்ரவரியில் மாமி ராஷ்டிரபாஷா இரண்டாவது முறை எழுதினாள். தேறினாள். முதல் வகுப்பு.